டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு என்ன சமைப்பது? வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாரம் இரண்டு அல்லது மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்துகொள்பவர்களுக்கும், அவர்கள் வீட்டில் அடுப்படியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குமான பக்கம் இது. கீழே உள்ள அளவுகள் எல்லாம் டிரை வெயிட் 60 கிலோ உள்ள ஒருவரை மனதில் வைத்துச் சொன்னவை. டிரை வெயிட் என்பது, தேங்கிய நீரை மெஷின் எடுத்தபிறகு உடம்பு இருக்க வேண்டிய எடை. உங்கள் சிறுநீரக மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதே கணக்கு.

டயாலிசிஸுக்கு முன்னால் "பருப்பு, முட்டை, கறி எல்லாம் குறைங்க" என்றார்கள். இப்போது "நல்லா சாப்பிடுங்க" என்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டும் சரிதான், காலம்தான் வேறு. சிறுநீரகம் அரைகுறையாக வேலை செய்துகொண்டிருந்தபோது, அதன் சுமையைக் குறைக்க ஒரு கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும் என்று நிறுத்திவைத்திருப்பார்கள். இப்போது கழிவை மெஷின் எடுக்கிறது. எடுக்கும்போது கழிவோடு சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியே போய்விடுகின்றன. அதனால் தேவை கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம்.

பழைய டயட் சார்ட்டை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்துவிடுங்கள். டயாலிசிஸ் வீடுகளில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது, பயந்துபோய்ப் பட்டினி போடுவதுதான். புரதம் போதாவிட்டால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இறங்கும். ஆல்புமின் இறங்கினால் தண்ணீர் ரத்தக் குழாயில் நிற்காமல் சதைக்குள் போய்த் தேங்கும். கால் வீங்கியிருக்கும், ஆனால் மெஷினில் நீரை எடுக்க ஆரம்பித்தால் பிரஷர் சட்டென்று விழும். தொடைச் சதை கரையும், தொற்று எளிதில் பிடிக்கும்.

அறுபது கிராம் புரதம் என்றால் தட்டில் எவ்வளவு?

அசைவ வீட்டில் ஒரு நாள் இப்படிப் போகலாம். காலையில் மூன்று இட்லி, இரண்டு முட்டை வெள்ளைக்கரு: 13 கிராம். மதியம் இரண்டு கிண்ணம் சோறு, சமைக்கும் முன் நிறுத்தால் 75 கிராம் வரும் மீன் அல்லது கோழித் துண்டு, ஒரு பொரியல்: 25 கிராம். நாள் முழுவதற்கும் சேர்த்து 100 மி.லி. பால், 100 கிராம் தயிர்: 6 கிராம். இரவில் மூன்று சப்பாத்தி, 25 கிராம் பருப்பில் செய்த கெட்டிக் கூட்டு: 16 கிராம். கூட்டினால் 60.

சைவ வீட்டில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இட்லி, சோறு, சப்பாத்தியிலிருந்தே 23 கிராம் வரை கிடைக்கும். பருப்பு 30 கிராம் வீதம் இரண்டு வேளை: 13. பாலும் தயிருமாக 300 மி.லி.: 10. பனீர் 50 கிராம்: 9. சோயா உருண்டை 20 கிராம்: 10. சோயாவைக் கொதிநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். பனீரை வீட்டிலேயே திரித்தால் இன்னும் நல்லது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும் தாது பொட்டாசியம்; பாலில் உள்ளதில் பெரும்பகுதி வடிகிற தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரில் அவருக்குச் சப்பாத்தி மாவு பிசையாதீர்கள்.

முட்டையில் மஞ்சள் கருவைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. ரத்தத்தில் பாஸ்பரஸ் (ஏறினால் அரிப்பு தரும் தாது) கட்டுக்குள் இருப்பவர் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம். அதற்கு மேல் வேண்டியதை வெள்ளைக்கருவாகக் கொடுங்கள்.

சதை கரையாமல் இருக்க மாவுச்சத்தும் எண்ணெயும்கூட வயிறாரப் போக வேண்டும். சோற்றையும் எண்ணெயையும் குறைத்துவிட்டுப் புரதம் மட்டும் கொடுத்தால், உடம்பு அந்தப் புரதத்தையே எரித்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்?

24 மணி நேரத்தில் போகும் சிறுநீரின் அளவோடு 500 மி.லி. கூட்டிக்கொள்ளுங்கள். காலை 6 மணியிலிருந்து மறுநாள் 6 மணிவரை ஒரு அளவு மக்கில் பிடித்து அளந்து பாருங்கள். 200 மி.லி. போனால் அவருக்கு 700 மி.லி. மாதம் ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் சிறுநீர் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வரும்.

காபி, டீ, மோர், ரசம், கஞ்சி, கூழ், பாயசம், ஐஸ்கிரீம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். எளிய வழி ஒன்று: காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய 700 மி.லி.யை நிரப்பி வையுங்கள். அவர் 120 மி.லி. டீ குடித்தால், பாட்டிலிலிருந்து 120 மி.லி.யைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். மீதி எவ்வளவு என்று அவர் கண்ணுக்கே தெரியும், நீங்கள் கண்டிக்க வேண்டியிருக்காது.

இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறும் எடை, டிரை வெயிட்டில் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 2.4 கிலோ. ஒரு கிலோ ஏற்றம் என்பது ஒரு லிட்டர் நீர். மணிக்கு, கிலோவுக்கு 13 மி.லி.க்கு மேல் எடுப்பது இதயத்துக்கு ஆபத்து என்பதால், நான்கு மணி நேரத்தில் அவரிடமிருந்து 3 லிட்டருக்குச் சற்று மேல்தான் எடுக்க முடியும். நான்கரை கிலோ ஏறிப் போனால் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், பிரஷர் விழும், அப்படியும் மீதி நீர் உள்ளேயே இருக்கும்.

எவ்வளவு சொன்னாலும் அப்பா ஒளித்து வைத்துத் தண்ணீர் குடிக்கிறார். என்ன செய்வது?

அவரைத் திட்டாதீர்கள், உப்பைப் பாருங்கள். உடம்புக்குள் போகும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு உள்ளே போனபிறகு தாகத்தை மன உறுதியால் வெல்ல யாராலும் முடியாது. தண்ணீர்க் குடத்தைப் பூட்டுவதைவிட ஊறுகாய் ஜாடியைப் பூட்டுவது பலன் தரும்.

நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். இட்லி மாவில் போட்ட உப்பும் இதில் அடக்கம். அதனால் காலையில் முக்கால் டீஸ்பூனை ஒரு சின்ன டப்பாவில் தனியாக எடுத்து வையுங்கள். பொரியல், குழம்பு எல்லாவற்றையும் உப்பில்லாமல் செய்து, அவர் பங்கை எடுத்தபிறகு மற்றவர்களுக்கு உப்புப் போடுங்கள். அவர் பங்குக்கு அந்த டப்பாவிலிருந்து மட்டும். சமைக்கும்போது போடாமல் சாப்பிடும்போது மேலே தூவினால், குறைந்த உப்பிலும் நாக்கில் சுவை தெரியும். எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, பெருங்காயம், வறுத்த மல்லிப் பொடி ஆகியவை உப்பின் குறையை நிறையவே மறைக்கும். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டவே வேண்டாம்.

அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், கடைப் பொடி வகைகள் ஆகியவற்றை வீட்டுக்குள் வாங்கி வைத்துவிட்டு அவரை மட்டும் தொடாதே என்பது நடக்காத காரியம்.

சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள். அது ஏறியிருந்தாலும் தாகம் அடங்காது. வாய் வறண்டால் ஒரு ஐஸ் கட்டி, ஒரு எலுமிச்சைத் துண்டு, ஒரு கிராம்பு அல்லது ஏலக்காய் உதவும். வாய் கொப்பளித்துத் துப்பலாம்.

இந்துப்பு போடலாமா? லோ சோடியம் உப்பு?

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, வேலை ஒன்று. அளவில் சலுகை கிடையாது. லோ சோடியம் உப்பு அதைவிட மோசம். சோடியத்தைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். பிரஷருக்கு நல்லது என்று நினைத்து வாங்கி, அதனாலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்காமல் உப்பு வாங்காதீர்கள்.

காய்கறியை ஊறவைத்துச் சமைக்கிறோம். பொட்டாசியம் போய்விடுமா?

எப்படி ஊறவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழு உருளைக்கிழங்கை இரவெல்லாம் தண்ணீரில் போட்டு வைத்தாலும் ஒன்றும் வெளியே வராது. தோல் சீவி, மெல்லிய வில்லைகளாகவோ சிறு துண்டுகளாகவோ நறுக்கி, காயைப்போல் பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் போடுங்கள். வடித்து, அலசி, புதுத் தண்ணீர் நிறைய ஊற்றித் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். உண்மையில் வேலை செய்வது கொதிக்கவைத்து வடிப்பதுதான். நேரம் இல்லாத நாளில் ஊறவைப்பதை விட்டாலும் இதை விடாதீர்கள். சின்னதாக நறுக்கிக் கொதிக்கவைத்து வடித்தாலே பாதியோ அதற்கு மேலோ போய்விடும்.

குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து விசில் விட்டால் எதுவும் போகாது, எல்லாம் அதே குழம்பில்தான் இருக்கும். ஆவியில் வேகவைப்பதும் அப்படித்தான். பருப்பையும் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, கெட்டிப் பருப்பை மட்டும் அவருக்கு எடுங்கள். வடித்த பருப்புத் தண்ணீரில் மற்றவர்களுக்கு ரசம் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் காய், எந்தப் பழம்?

சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வெண்பூசணி, முட்டைக்கோஸ், சௌசௌ, கோவைக்காய், பீன்ஸ் ஆகியவற்றை வடித்துச் சமைத்தால் தினமும் கொடுக்கலாம். முருங்கைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். கீரை ஆசை விடவில்லை என்றால் வாரம் ஒருமுறை, நறுக்கி, கொதிக்கவைத்து, பிழிந்து, ஒரு சின்னக் கரண்டி. புளி, தக்காளி, தேங்காய் மூன்றிலும் பொட்டாசியம் உண்டு. முழுக்க நிறுத்தத் தேவையில்லை, ஆனால் ஒரே வேளையில் புளிக்குழம்பும் தக்காளி ரசமும் தேங்காய்ச் சட்னியும் சேர்ந்து வரக் கூடாது.

பழம் ஒரு நாளைக்கு ஒரு வகை, 75 முதல் 100 கிராம்: அரை ஆப்பிள், அரைப் பேரிக்காய் அல்லது இரண்டு மெல்லிய அன்னாசித் துண்டு. வாழைப்பழம், மாம்பழம், பலா, சப்போட்டா, மாதுளை, பேரீச்சை, உலர்திராட்சை வேண்டாம். பழச்சாறு எதுவுமே வேண்டாம்.

நட்சத்திரப் பழம் என்கிற ஸ்டார் ஃப்ரூட்டை ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது. இங்கே பிரச்சினை பொட்டாசியம் மட்டும் அல்ல. அந்தப் பழத்தில் உள்ள காரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதபோது விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு விக்கல் ஆரம்பித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெயில் காலத்தில் இளநீர்?

வேண்டாம். ஒரு இளநீரில் 600 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் இருக்கும். ஒரு நாளுக்கே மொத்தம் 2,000 முதல் 2,500 மி.கி. வரைதான் அனுமதி.

பழமே கொடுக்கவில்லை. ஆனாலும் 5.5க்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 6.2 வந்திருக்கிறது. எப்படி?

பழத்தை மட்டும் சந்தேகப்படுவதால் வரும் குழப்பம் இது. முதலில் டயாலிசிஸைப் பாருங்கள். ஒரு முறை தவறிப்போனதா, நேரத்தைக் குறைத்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்தாரா, ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக் குழாயில்) ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா? அடுத்தது மலச்சிக்கல். சிறுநீர் இல்லாதவருக்குப் பொட்டாசியம் வெளியேற மிச்சமிருக்கும் வழிகளில் குடலும் ஒன்று. மூன்று நாள் போகாவிட்டால் அளவு ஏறும். பிறகு பிரஷர் மாத்திரைகளில் சில, ரத்தம் ஏற்றியது, கட்டுக்கடங்காத சர்க்கரை, நீண்ட பட்டினி. பட்டினி கிடந்தால் உடம்பின் சொந்தச் சதை கரைந்து அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்துக்கு வரும், அதனால் விரதமும் ஒரு காரணம். ரத்தம் எடுத்த குழாயில் அணுக்கள் உடைந்திருந்தாலும் பொய்யாக அதிகம் காட்டும்.

கால் கனத்து எழுந்து நிற்க முடியாமை, உதட்டைச் சுற்றி மரத்துப்போதல், நாடி மெதுவாவது, படபடப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காதீர்கள். அறிகுறி எதுவுமே இல்லாமலும் ஏறும் என்பதால்தான் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறார்கள்.

உடம்பு தேறட்டும் என்று ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறோம்.

அன்போடு செய்கிறீர்கள், ஆனால் தலைகீழாகச் செய்கிறீர்கள். கறியை வேகவைக்கும்போது பொட்டாசியமும் பாஸ்பரஸும் தண்ணீரில் இறங்கும். புரதமோ பெரும்பாலும் கறியிலேயே நிற்கும். சூப்பை அவரிடம் கொடுத்துவிட்டுச் சக்கையை ஒதுக்கினால் வேண்டாதது உள்ளே, வேண்டியது வெளியே. கோழியையோ ஆட்டுக்கறியையோ சின்னத் துண்டுகளாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, கறியை மிளகு போட்டு வறுத்துக் கொடுங்கள். ஈரல், மூளை, எலும்போடு மெல்லும் நெத்திலி ஆகியவற்றில் பாஸ்பரஸ் மிக அதிகம்.

பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் சரியாகப் போடுகிறார். ஆனாலும் குறையவில்லையே?

எப்போது போடுகிறார்? கால்சியம் அசிடேட், செவலமர் போன்றவை குடலில் உணவோடு கலந்து, அங்கேயே பாஸ்பரஸைப் பிடித்து வெளியே தள்ளுபவை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் பாதிக்கு மேல் வீண். இரண்டு வாய் சாப்பிட்டபிறகு, சாப்பாட்டின் நடுவில் போட வேண்டும். செவலமரை முழுதாக விழுங்க வேண்டும், லாந்தனமாக இருந்தால் நன்றாக மென்று. சாப்பிடாத வேளையில் மாத்திரையும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை இரண்டையும் இதோடு சேர்த்துப் போடாதீர்கள். எவ்வளவு இடைவெளி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

மாத்திரை இல்லாமல் முடியாதா என்றால், கணக்கைப் பாருங்கள். தினம் 1,000 மி.கி. பாஸ்பரஸ் சாப்பிட்டால் வாரத்துக்கு 7,000. அதில் அறுபது சதவீதம் உடம்பில் சேர்ந்தால் 4,200. ஒரு டயாலிசிஸ் சுமார் 800 எடுக்கும், வாரம் மூன்று முறைக்கு 2,400. மிச்சத்தை மாத்திரைதான் பிடிக்க வேண்டும். வாரம் இரண்டு முறை மட்டும் செய்பவருக்கு இடைவெளி இன்னும் அதிகம்.

பருப்பு, பயறுகளில் உள்ள பாஸ்பரஸ் பாதிகூடச் சேராது. அதற்காகப் பருப்பை நிறுத்துபவர்கள், ஏறத்தாழ முழுவதுமாகச் சேரும் பாஸ்பேட் உப்புகளைக் கவனிப்பதில்லை. அவை கோலா பானங்கள், சாசேஜ், நகெட்ஸ், சீஸ் ஸ்பிரெட் போன்றவற்றில் இருக்கின்றன. லேபிளில் 338 முதல் 341 வரை அல்லது 450 முதல் 452 வரையான எண் இருந்தால் வாங்காதீர்கள். பால் பவுடரும் மால்ட்டும் கலந்த சத்துப் பானங்களும் இவருக்கானவை அல்ல. பாஸ்பரஸ் ஏறியதன் முதல் அடையாளம் பலருக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்புதான்.

சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன கொடுப்பது?

மூன்று டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. ஆரஞ்சுச் சாறு, வாழைப்பழம், வெல்லம், கருப்பட்டி எதுவும் வேண்டாம், எல்லாவற்றிலும் பொட்டாசியம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சிறுநீரகம் செயலிழந்தவர் உடம்பில் இன்சுலின் நெடுநேரம் தங்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் இது திரும்பத் திரும்ப வரும். மருத்துவரிடம் அளவைக் குறைக்கக் கேளுங்கள்.

மெஷினில் இருக்கும்போது சாப்பிடலாமா? அன்றைக்கு எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார்களே?

பிரஷர் நிலையாக இருப்பவர் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு இட்லி, முட்டை வெள்ளைக்கரு போல ஏதாவது சாப்பிடலாம். வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய்ப் பிரஷர் விழும். முன்பு அப்படி விழுந்தவர் ஏறும் முன்போ இறங்கியபிறகோ சாப்பிடட்டும். "எது வேண்டுமானாலும்" என்பது தவறு. கடைசி நேரத்தில் சாப்பிட்ட மாம்பழம் ஜீரணமாகும்போது மெஷின் நின்றிருக்கும். பி காம்ப்ளெக்ஸ், ஃபோலிக் அமில மாத்திரைகளை டயாலிசிஸ் முடிந்தபிறகு போடுங்கள், முன்னால் போட்டால் கழுவிப் போய்விடும்.

நெருஞ்சில், மூக்கிரட்டை, வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சிறுநீரகம் திரும்பும் என்கிறார்கள்.

கல் கரைய, நீர் பிரிய என்று பயன்பட்டு வந்தவை இவை. நீரே பிரியாத உடம்பில் கஷாயம் என்பது பொட்டாசியம் கரைந்த தண்ணீர். இதை நம்பி டயாலிசிஸைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து.

கல்யாணப் பந்தியில் என்ன செய்வது?

பாஸ்பரஸ் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும். சோறு, நெய், கோஸ் அல்லது பீன்ஸ் பொரியல், கெட்டித் தயிர் போதும். ஊறுகாய், அப்பளம், வற்றல் குழம்பு, சிப்ஸ் இலையிலேயே இருக்கட்டும். சர்க்கரை நோய் இல்லாதவர் ஒரு ஜாங்கிரி சாப்பிடுவதில் தப்பில்லை; முந்திரி, திராட்சை அள்ளிப் போட்ட பாயசத்தைவிட அது மேல்.

வயிற்று வழி டயாலிசிஸுக்கும் இதே விதிகளா?

இல்லை. அதில் பையிலிருந்து வயிற்றுக்குள் திரவம் விட்டு, பிறகு வடிப்பார்கள். தினமும் 5 முதல் 15 கிராம் வரை புரதம் பையோடு போகும். அதனால் புரதத்தில் இன்னும் கவனம் வேண்டும். தினமும் நடப்பதால் பொட்டாசியக் கட்டுப்பாடு தளரும், சிலருக்குக் குறைந்தேகூடப் போகும். பையிலுள்ள குளுக்கோஸ் உடம்பில் சேர்வதால் இனிப்பையும் மாவையும் குறைக்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் குழாய் சரியாக வடியாது.

மாத ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

டயாலிசிஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5.5 வரை, பாஸ்பரஸ் 5.5க்குள், ஆல்புமின் 4க்குப் பக்கத்தில். ரத்தக் கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் இறங்கிவிட்டன என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். டயாலிசிஸ் அளவு மாறாமல், சாப்பாடும் குறைந்திருக்கும்போது அவை இறங்கினால், அவர் போதுமான அளவு சாப்பிடவில்லை, சதை கரைகிறது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

அப்போது இன்னொரு சிக்கலும் வரும். சதை இரண்டு கிலோ கரைந்திருக்கும், அந்த இடத்தை நீர் பிடித்திருக்கும், தராசு அதே 60ஐக் காட்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, பிரஷர் ஏறுகிறது, சட்டை தோளில் தொளதொளக்கிறது என்றால், டிரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு ஏறி உடம்பு தேறியவருக்கு இதன் மறுபக்கம் நடக்கும்: பழைய டிரை வெயிட்டுக்கே நீரை எடுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் கால் சுருட்டிப் பிடிக்கும். இரண்டுக்குமே, என்ன சாப்பிட்டார், எவ்வளவு எடை ஏறியது என்று எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை டயாலிசிஸுக்குப் போகும்போது கையில் கொடுத்து அனுப்புங்கள்.